ரெண்டு கோடு போட்ட இல்லை

உள்ள வரக்கூடாதுன்னா வரலீங்கம்மா. கேட்டுக்கு இந்தப் பக்கமே நின்னுக்கறேன். பெண்கள் ஹாஸ்டல், ஆண்களுக்கு அனுமதி இல்லைன்னு போர்டுல போட்டிருக்குது, படிச்சேன். அதை மீறி ஒரு அடி எடுத்து வெக்கற ஆளு நானில்லீங்க. நானும் கேட்டுல நின்னு பத்து பேரை மறிச்சவந்தான். விதின்னா என்னன்னு எனக்குத் தெரியும். ஒரு பத்து நிமிசம் காது குடுத்துக் கேளுங்க, போதும்.

பேரு நாச்சிமுத்துங்க. கோயமுத்தூருக்கு அக்கட்டால ஒரு இன்ஜினியரிங் காலேஜுல ஆபீஸ் சூப்பிரண்டு. முப்பத்தோரு வருச சர்வீஸ், வர்ற மே மாசம் ரிட்டையர்டு. கோகிலவாணின்னு ஒரு அம்மாவும், தர்ஷிகான்னு ஒன்பதாவது படிக்கற அவுங்க புள்ளையும் இங்க தங்கியிருக்காங்க. இருக்காங்களா இல்லையான்னு நீங்க சொல்ல வேண்டாம். சொல்லக்கூடாதுன்னு உங்களுக்கு உத்தரவு இருக்கும், அது நெம்பச் சரி. நான் அந்தப் புள்ளையோட அப்பன் அனுப்பிச்ச ஆளு இல்லீங்க. அதை மட்டும் மொதல்ல நம்புங்க.

அப்பன்கிட்ட அடி வாங்க முடியாம, ராத்திரியோட ராத்திரியா தேனிப் பக்கத்துல இருந்து திருப்பூருக்கு ஓடியாந்து, நாலு வருசமா ஒளிஞ்சிருந்த அம்மாவும் மகளும்னு எனக்கு இப்பத்தானுங்க தெரியும். அன்னைக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. நான் பாத்ததெல்லாம் ஒரு ஃபாரம். நூத்தி நாப்பத்தாறு ஃபாரத்துல ஒரு ஃபாரம்.

எங்க காலேஜுல வருசா வருசம் பள்ளிக்கூடப் புள்ளைகளுக்கு ரோபோ போட்டி வெக்கறதுங்க. இந்த வருசம் மாநில அளவு. செயிக்கற புள்ளை பெங்களூருக்கு தேசியப் போட்டிக்குப் போகும். பேப்பர்காரங்க, டிவிக்காரங்க, செல்போன்ல சேனல் நடத்தறவங்கன்னு ஒரு படையே வரும். போன வருசம் ஒருத்தன் மேடை மேல ஏறி, நடுவர் மூக்குக்கு நேரா கேமராவை நீட்டிப்போட்டான். அதனால பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு, நாச்சிமுத்து, மீடியாவை நீங்கதான் கட்டி மேய்க்கோணும்னாரு. எனக்குப் பெருமைதானுங்க. ஃபைலு கட்டறவனுக்கு மொத மொத ஒரு பொறுப்பு.

சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமாச் செஞ்சேன். பத்திரிகைக்காரங்களுக்கு நீலக் கயித்துல பாஸு. டிவிக்காரங்களுக்கு ஆரஞ்சுக் கயிறு. ஒரு நேரத்துல ஒரு கேமராதான் மைதானத்துக்குப் பக்கத்துல போகோணும். தரையில கோடு போட்டுட்டேன், அதைத் தாண்டக்கூடாது. புள்ளைக அவுங்க ரோபோ வண்டியைப் பிரிச்சு மாட்டற அறைக்குள்ள கேமராவே ஆகாது. எல்லாத்துக்கும் மேல ஃப்ளாஷ் ஆகாது. அது எதுக்குன்னா, வெள்ளைப் பலகை மேல கறுப்புக் கோடு ஒட்டியிருப்பாங்க, வண்டி தானாவே அந்தக் கோட்டைப் பாத்துப் போகோணும். அதோட வயித்துக்கு அடியில குட்டிக் குட்டியா கண்ணு இருக்குது. ஃப்ளாஷ் வெளிச்சம் பட்டா கண்ணு கூசி, கோட்டை விட்டுட்டு எங்கயோ போயிரும். பாவம், புள்ளைக மாசக்கணக்கா உழைச்சது போயிரும். அன்னைக்கு முழுசும் ஒரு வண்டியோட கண்ணு கூட கூச விடலீங்க நான்.

புள்ளைகளைப் படம் எடுக்கறதுக்கு அப்பா அம்மாகிட்ட கையெழுத்து வாங்கோணும்னு ஒரு விதி. அதுக்குத்தான் அந்த ஃபாரம். இங்கிலீஷ்ல இருந்துச்சு. அரசுப் பள்ளிக்கூடத்துப் புள்ளைகளும் வர்றாங்க, தமிழ்ல போடலாம்னு நாந்தான் சொன்னேன். நானே எழுதினேன். 'தங்கள் பிள்ளையைப் படம்பிடிக்க ஊடகத்தினரை அனுமதிப்பதில் தங்களுக்கு ஆட்சேபணை உண்டா? உண்டு அல்லது இல்லை என்பதை வட்டமிடுக.' எங்க டிபார்ட்மென்ட் பிரவீணா மேடம், சின்ன வயசுப் பொண்ணு, 'சார், படம் எடுக்கலாமா வேண்டாமான்னு நேராக் கேட்டுருங்களேன்'னு சொல்லுச்சு. எனக்குக் கோவம் வந்துருச்சுங்க. அது டீக்கடைத் தமிழ் மேடம், இது ஆபீஸ் ரெக்கார்டுன்னேன். முப்பத்தோரு வருசமா ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் கையெழுத்து வாங்குனவன் நான். எனக்கு அதுல சொல்லிக்குடுக்க வந்துட்டாங்கன்னு நெனச்சேன்.

உண்டுன்னு வட்டம் போட்டா புள்ளை கையில சிவப்புப் பட்டை. படம் எடுக்கக்கூடாது. இல்லைன்னு வட்டம் போட்டா பச்சைப் பட்டை. எடுக்கலாம். ஒம்போது பேருக்குச் சிவப்பு, மத்த எல்லாத்துக்கும் பச்சை.

கோகிலவாணி அம்மா இல்லைன்னு வட்டம் போட்டிருந்தாங்க. வட்டம் மட்டுமில்லீங்க, பேனாவை அழுத்தி அழுத்தி அடியில ரெண்டு கோடு வேற போட்டிருந்தாங்க. பின்பக்கம் தடவிப் பாத்தாக்கூடத் தெரியும், அந்த அழுத்தம். நான் பிரவீணா மேடத்துகிட்டக் காட்டி, பாருங்க, இந்தம்மாவுக்குத்தான் புள்ளையை டிவியில பாக்கோணும்னு எத்தனை ஆசைன்னு சொல்லிச் சிரிச்சேன்.

சிரிச்சேனுங்க. இதை நெனச்சா எனக்கு இன்னைக்கும் சோறு எறங்க மாட்டேங்குது.

அன்னைக்குக் காலையில ஒரு அப்பன்காரன் என்கிட்டச் சண்டைக்கு வந்தாருங்க. அவரு பையனுக்குச் சிவப்புப் பட்டை கட்டிட்டாங்கன்னு. 'உண்டுன்னுதானய்யா போட்டேன், எம்பையன் டிவியில வரோணும்'னாரு. எனக்கு அவரு மேல எரிச்சல். தமிழ் தெரியாதவங்களா இருக்காங்களேன்னு முனகிக்கிட்டே பச்சையை மாத்திக் கட்டிவிட்டேன். ஒரு நிமிசம் நின்னு யோசிச்சிருக்கோணும்ல? இந்தப் பக்கம் ஒருத்தரு தப்பாப் புரிஞ்சிருந்தா, அந்தப் பக்கமும் ஒருத்தரு இருப்பாங்கல்லன்னு? யோசிக்கலீங்க. வேலை அத்தனை இருந்துச்சு. ஆனா, ஃபாரத்துல எழுதியிருக்கறபடிதானுங்களே நான் நடந்தேன்? எழுத்துல தப்பில்லைங்கம்மா. நீங்களே சொல்லுங்க, ஆட்சேபணை உண்டான்னு கேட்டா, இல்லைன்னா என்ன அர்த்தம்?

சரி, சரி. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்.

பத்து மணிக்கு அந்தப் புள்ளை என்கிட்ட வந்துச்சு. மெலிஞ்ச புள்ளை, ரெட்டை ஜடை, கையில அட்டைப்பெட்டி, பெட்டிக்குள்ள வண்டி. தனியாளாத்தான் வந்திருந்துச்சு, கூட ஒரு டீச்சர் மட்டும். அவுங்க வேற புள்ளைகளைப் பாக்கப் போயிட்டாங்க. கையைக் காட்டி, 'சார், எனக்குப் பட்டை மாறிப்போச்சு சார், படம் வேணாம்னுதான் எங்கம்மா எழுதியிருக்கு'ன்னுச்சு. நான் ஃபாரத்தை எடுத்துக் காட்டினேன். பாரு கண்ணு, உங்கம்மாவே ஆட்சேபணை இல்லைன்னு போட்டிருக்காங்க, கோடு வேற போட்டிருக்காங்கன்னேன். அது அதைப் பாத்துச்சு, என்னைப் பாத்துச்சு. 'சார், இல்லைன்னா இல்லைதான் சார்'னுச்சு.

அவ்வளவு தெளிவாச் சொல்லுச்சுங்க. பதினாலு வயசுப் புள்ளை.

நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? பெத்தவங்க எழுத்துக்கு மேல பேச எனக்கு அதிகாரம் இல்லை கண்ணு, வேணும்னா அம்மாவுக்குப் போன் போடுன்னேன். என் போனைத்தான் குடுத்தேன். மூணு தடவை அடிச்சு அடிச்சு நின்னு போச்சு. பனியன் கம்பெனியில வேலைக்குப் போறப்ப போனை வாங்கிப் பெட்டியில போட்டுப் பூட்டிருவாங்களாமா, மதியம்தான் எடுக்க முடியுமாமா. ஃபைனல் பதினொண்ணரைக்கு. நான் என்னதானுங்க பண்றது?

அது பட்டையைக் கழட்டி என் மேசை மேல வெச்சுப்போட்டுப் போயிருச்சு. பட்டை இல்லாம யாரும் மைதானத்துல கால் வெக்கக்கூடாது, அது நாந்தான் போட்ட விதி. பதினொண்ணேகாலுக்கு அதைக் கேட்டுல நிறுத்திட்டாங்க. நாந்தான் ஓடிப்போயி, இதுக்கெல்லாமா கண்ணு அழுவாங்கன்னு, என் கையாலயே திரும்பக் கட்டிவிட்டேன். பச்சையை. அதோட கை சில்லுன்னு இருந்துச்சு. போட்டிக்குப் பயப்படுதுன்னு நெனச்சுக்கிட்டேன்.

வண்டி ஓடுச்சு பாருங்க! மத்தவங்க வண்டியெல்லாம் வளைவுல தடுமாறுது, இது வளைவுக்கு முன்னாலயே மெதுவாகி, தாண்டினதும் புடிச்சுக்கிட்டுப் போகுது. பத்தொம்போது செகண்டு. ரெண்டாவது வந்த பெரிய ஸ்கூல் வண்டி இருபத்தாறு. பழைய பொம்மைக் காரு மோட்டாரு, செருப்பு அட்டை, அதுல செஞ்ச வண்டி. நடுவரா வந்த புரொபசரு எந்திரிச்சு நின்னு கை தட்டினாரு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு.

டிவிக்காரரு திருமூர்த்தின்னு, எனக்குப் பழக்கம். பன்னெண்டு மணிக்குக் கெளம்போணும், ஒரு புள்ளை முகம் வேணும் சார்னாரு. பச்சைப் பட்டையைப் பாத்தாரு, வந்துட்டாரு. அந்தப் புள்ளை நோட்டை எடுத்து மூஞ்சிக்கு நேரா புடிச்சுக்கிச்சு. எல்லாரும் சிரிச்சாங்க, வெக்கப்படுதுன்னு. நாந்தான் பக்கத்துல போயி, நோட்டைச் செல்லமா வாங்கிக்கிட்டேன். சாமி, ஊரே பாக்கட்டும், நிமிர்ந்து நில்லுன்னேன்.

நிமிர்ந்து நின்னுச்சு. அந்தப் படந்தானுங்க ஊரெல்லாம் சுத்துச்சு. இதா, என் போன்லயே இருக்குது. கோப்பையைப் புடிச்சுக்கிட்டு நிக்குது, கண்ணு மட்டும் கேமராவைப் பாக்கல, அந்தப் பக்கம் வாசலைப் பாக்குது. பழைய மோட்டாருல சாதனை, திருப்பூர் மாணவின்னு போட்டாங்க. ரெண்டு நாள்ல லட்சம் பேரு பாத்திருக்காங்க.

வியாழக்கிழமை அந்தப் புள்ளையோட அப்பன் பள்ளிக்கூட வாசல்ல வந்து நின்னுட்டான். டீச்சருங்க புள்ளையைப் பின்கேட்டு வழியா வெளிய அனுப்பிச்சாங்களாமா. வெள்ளிக்கிழமை அம்மாவும் மகளும் ஊர்லயே இல்லை. வாடகை வீட்டுல சோத்துச் சட்டி அடுப்பு மேல அப்படியே இருந்துச்சுன்னு டீச்சர் சொன்னாங்க.

ஆமாங்க, அதனாலதான் வந்திருக்கேன். இந்தச் சனிக்கிழமை பெங்களூருல தேசியப் போட்டி. அது போகோணுங்கம்மா. அத்தனை மூளை, வீணாப் போகக்கூடாது. நான் அங்க பேசிட்டேன். அந்தப் புள்ளை ஓடறப்ப ஒரு கேமராவும் உள்ள வராது, பேரு கூப்பிட மாட்டாங்க, நம்பர்தான். நானே கூடப் போயி நிப்பேன். ஒவ்வொரு கேமராக்காரன் முன்னாலயும் நிப்பேன். இதா, சிவப்புப் பட்டை கொண்டாந்திருக்கேன். நானே வாங்குனது.

இந்தக் கவருங்களா? இது ஒண்ணுமில்லீங்க. இது ஒரு லெட்டரு. கமிட்டி போட்டு விசாரிச்சாங்க. நடந்ததுல எங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னு அந்தம்மாகிட்ட ஒரு கையெழுத்து வாங்கியாங்க, இல்லாட்டி மெமோதான்னு பிரின்சிபால் சொல்லிட்டாரு. முப்பத்தோரு வருசத்துல ஒரு மெமோ வாங்குனதில்லை நான். ஆனா அதுக்காக வரலீங்க. சத்தியமா அதுக்காக மட்டும் வரலீங்க. கையோட இருக்கட்டுமேன்னுதான்.

நான் மேல வர வேண்டாம், ஒரு சீட்டு எழுதித் தர்றேன். இருந்தாங்கன்னா குடுங்க. இல்லைன்னா கிழிச்சுப் போடுங்க. ஒரு வாய் வார்த்தை மன்னிப்புக் கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும். என் சம்சாரம் என்னோட பேசறதில்லீங்கம்மா. ஒரே ஒரு தடவை கேட்டா, 'அந்தப் புள்ளை வேண்டாம்னு கழட்டி வெச்சதை எதுக்குய்யா எடுத்துக் கட்டுன?'ன்னு. பேனா இருக்குதுங்களா? இருக்குது, இருக்குது, என் பையிலயே இருக்குது.

இதா. அந்த ஆயாம்மாகிட்டக் குடுத்து அனுப்புங்க. நல்லா இருப்பீங்க.

தண்ணி வேண்டாங்க. நிக்கறேன்.

அவுங்க இங்கதான்னு எனக்கு எப்படித் தெரியும்னு கேக்கறீங்க. டீச்சர் சொல்லலீங்க, அவுங்க கல்லு மாதிரி, வாயே தொறக்கல. பள்ளிக்கூட மாற்றுச் சான்றிதழ் எந்த ஊருக்குக் கேட்டிருக்காங்கன்னு அங்கத்த கிளார்க்கு சொன்னாரு, ஆபீஸ் பழக்கம். ஊரு தெரிஞ்சப்பறம் பஸ் ஸ்டாண்டுல போன்ல படத்தைக் காட்டிக் கேட்டேன். அப்பறம் எதிர்ல பேக்கரியில. கடைசியா ஒரு ஆட்டோக்காரரு, கெட்டிக்காரரு, பாத்ததுமே புடிச்சுப்போட்டாரு. இந்தப் புள்ளையை அந்த ஹாஸ்டல் வாசல்ல எறக்கி விட்டேன் சார்னு, நேராக் கொண்டாந்து விட்டுட்டாரு. உதவி பண்ற மனுசங்க இன்னும் இருக்காங்கம்மா.

ஏனுங்க, அப்படிப் பாக்கறீங்க?

சீட்டு போயி நேரமாச்சுங்களே. படி நெறைய இருக்கும்.

உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். கமிட்டியில இதைச் சொல்லலீங்க. சம்சாரத்துகிட்டயும் சொல்லலை. டிவியில திருப்பூர் மாணவின்னுதான் வந்துச்சு. போட்டி நடந்த எங்க காலேஜு பேரு வந்துச்சு, பள்ளிக்கூடம் பேரு வரல. திருப்பூருல எத்தனை பள்ளிக்கூடம் இருக்குது, அந்தாளு தேடித் தேடிச் சலிச்சுப் போயிருப்பான். அந்த வியாழனுக்கு ரெண்டு நாள் முந்தி, செவ்வாய்க்கிழமை எங்க ஆபீசுக்கு ஒருத்தரு வந்தாரு. வெள்ளைச் சட்டை, நெத்தியில விபூதி, நெம்ப மருவாதி. சார், அது எம்பொண்ணு சார், நாலு வருசமாத் தேடறேன் சார்னு, போன்ல இந்தப் படத்தைக் காட்டிக் காட்டி அழுதாரு. பெத்த அப்பன் அழுகறான். நான் ஃபைலை எடுத்து, பள்ளிக்கூடம் பேரு, வகுப்பு, எல்லாம் ஒரு காகிதத்துல எழுதிக் குடுத்தேன். டீ வேற வாங்கிக் குடுத்தேன்.

அவன் என் கையைப் புடிச்சு, உங்களை மறக்க மாட்டேன் சார்னான்.

இந்தக் கையைத்தானுங்க.

அய்யோ, அதா வந்துட்டாங்க ஆயாம்மா. அப்ப இருக்காங்க! குடுங்க, குடுங்க. கண்ணாடி எங்க வெச்சேன்... இருங்க. 'என்னைச் சந்திப்பதில் தங்களுக்கு ஆட்சேபணை உண்டா? உண்டு, இல்லை.' இது நான் எழுதுனது. வட்டம்... வட்டம் இல்லை மேல போட்டிருக்காங்க. இல்லைன்னு போட்டிருக்காங்கம்மா! பாத்தீங்களா, ஆட்சேபணை இல்லை. பெரிய மனசு. எனக்குத் தெரியும். கேட்டைத் தொறங்க, இந்தத் திண்டுலயே உக்காந்து பேசிட்டுப் போயிடறேன்.

தொறங்கம்மா. சாவி உங்க கையிலதானுங்க இருக்குது.

ஏனுங்க? இல்லைன்னுதானுங்களே...

அடியில ரெண்டு கோடு போட்டிருக்காங்க.

பின்பக்கம் தடவினா கையில தட்டுப்படுது. அதே அழுத்தம்.

ஆமாங்கம்மா. இல்லைன்னா இல்லைதான். அந்தப் புள்ளை சொல்லுச்சு, எனக்குத்தான் படிக்கத் தெரியல.

நான் போறேன். லெட்டரு வேண்டாம், இதைக் கிழிச்சுப் போட்டுடறேன். பட்டையும் வேண்டாம். நீங்க ஒண்ணே ஒண்ணு செய்யோணும், இப்பவே மேல போயி அந்தம்மாகிட்டச் சொல்லோணும். பஸ் ஸ்டாண்டுல ஒருத்தரு, பேக்கரியில ஒருத்தரு, ஆட்டோக்காரரு ஒருத்தரு. மூணு பேருகிட்ட அந்தப் புள்ளை படத்தைக் காட்டியிருக்கேன். மூணு பேருக்கும் இந்த ஊருலதான் இருக்காங்கன்னு தெரியும், ஆட்டோக்காரருக்கு இந்தக் கேட்டே தெரியும். சாயங்காலத்துக்குள்ள வேற எடம் பாக்கச் சொல்லுங்கம்மா. எந்த எடம்னு என்கிட்டச் சொல்ல வேண்டாம்.